செல்லாக் காசுக்கு என்ன விலை?



ஆண்டு மலருக்குக் கட்டாயம் ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கவிதை எனக்கு வராது. கதை எழுத உட்கார்ந்தால் லேப் ரெக்கார்ட் மாதிரி 'நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை' என்றுதான் கை ஓடுகிறது. ஆகவே எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதனால் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். விஷயம், காசு. செலவு செய்கிற காசு அல்ல. சேர்த்து வைக்கிற காசு!

எங்கள் வீடு வெலிங்டனில், பிளாக் பிரிட்ஜுக்குப் பக்கத்தில். வீட்டில் அம்மாயியிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் வெற்றிலை பாக்கு இருக்கும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இருந்தது பழைய காசுகள். சென்ற வருடம் தங்கைக்கு நர்சிங் சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டி வந்தபோது, அந்த டப்பாவின் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. காரணம், மாமா போனில் பார்த்த ஒரு வீடியோ. 'உங்கள் வீட்டில் இந்தக் காசு இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!' என்று ஒருவர் அதில் கத்திக்கொண்டிருந்தார்.

டப்பாவைக் கவிழ்த்தோம். 1818 என்று ஆண்டு போட்டு, அனுமார் படத்துடன் ஒரு அரையணா. 1939 என்று போட்ட ஒரு ரூபாய். 1918 ரூபாய் ஒன்று. மீதியெல்லாம் சிலோன் சதக் காசுகள். மாமா அனுமார் காசைப் படம் எடுத்து அனுப்பினார். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "12 லட்சத்துக்கு எடுத்துக்கிறோம் சார். பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் மட்டும் அனுப்புங்க." அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து அனுப்பினார். மறுநாள் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம் வந்தது. வரிக்காக இன்னும் 8,000 கட்ட வேண்டுமாம்! அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. தேடிப் பார்த்தால், இப்படித் தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. 8,000 தப்பியது. 1,500 போனது போனதுதான். அம்மா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்தக் கோபத்தில்தான் காசுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். சுபேதார் தாத்தா என்போம். நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறவர். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். போகிற அவசரத்தில், பளபளப்பாக இருக்கட்டுமே என்று ஒரு சதக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் போனேன். பார்த்ததும் தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, எண்பது வருஷமா காலம் பூசின நிறத்தை எட்டணா புளியில கழுவிட்டியே!" என்றார். முதல் பாடம் அது: காசைக் கழுவக் கூடாது. தேய்த்தால் அழுக்கு மட்டும் போகாது, மேல்பரப்பே போகும். சேகரிப்பவர்கள் கேட்பது அந்தத் தொடாத மேல்பரப்பைத்தான்.

சரி, காசு சேர்க்கிறவர்கள் அப்படி எதைத்தான் தேடுகிறார்கள்? ஏன் தேடுகிறார்கள்? தாத்தாவிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் வகை பிரித்துத் தருகிறேன்.

வயதா, அருமையா?

நம்மில் பெரும்பாலோர் நினைப்பது, பழைய காசு என்றால் விலை அதிகம் என்று. தப்பு நண்பர்களே! ரோமாபுரிப் பேரரசின் பிற்காலச் சின்னச் செப்புக் காசுகள் 1,600 வருடப் பழசு. ஆனால் லட்சக்கணக்கில் கிடைத்திருப்பதால் அவற்றில் பலவற்றுக்கு விலை சொற்பம். அதே சமயம் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939 வெள்ளி ரூபாய் நேற்றைய காசு மாதிரி. ஆனால் புழக்கத்துக்கு வந்தது மிகக் குறைவு என்பதால் பெரும் விலை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. வயது அதற்குப் பிறகுதான்.

இதில் வேடிக்கை, ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1874 வரைக்கும் அதே 1862 என்ற ஆண்டைப் போட்டே அடித்திருக்கிறார்கள். எந்த வருடம் அடித்தது என்று அறிய, காசில் இருக்கும் நுண்ணிய புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணுகிறார்கள். நாம் மைக்ரோமீட்டரில் ரீடிங் எடுப்பது போலத்தான்.

அச்சுச் சாலையின் முத்திரை

இன்றைக்கே உங்கள் பாக்கெட்டில் உள்ள ஒரு ரூபாயை எடுத்து, ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே வருடத்தில் நான்கு இடத்துக் காசையும் சேர்த்து ஒரு 'செட்' ஆக்குவது பலருடைய முதல் ஆசை. செலவே இல்லாத ஆசையும் இதுதான். பஸ் கண்டக்டர் தரும் சில்லறையிலேயே ஆரம்பித்துவிடலாம்.

பிழையின் மேல் பிரியம்

இது நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கான வகை. தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய 'பிளாங்க்'கை இரண்டு டைகளுக்கு நடுவே, சுற்றிலும் காலர் வைத்து, ஒரே அழுத்தில் அடிக்கிறார்கள். பிளாங்க் சரியாக உட்காராவிட்டால் படம் ஓரத்துக்கு ஓடிவிடும். டையில் விரிசல் விட்டால் காசில் கோடு எழும்பும். அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த பிளாங்க்கின் ஒரு பக்கத்தில் அதே படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, குழிவாக விழும். வொர்க்‌ஷாப்பில் நாம் செய்தால் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுவார்கள். அச்சுச் சாலையின் ரிஜெக்ட் தப்பி வெளியே வந்தால் அதற்குத் தனி மரியாதை!

பிழைகளில் பெரிய கதை 1911-ன் 'பன்றி ரூபாய்'. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலாடைச் சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. தும்பிக்கை சரியாக அமையாததால் பார்க்கிறவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. இந்துக்கள், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் முகம் சுளித்தார்கள். அடித்தது 90 லட்சத்துக்கும் மேல். வெளியே போனது ஏறத்தாழ 7 லட்சம். மற்றதை உருக்கிவிட்டு, 1912 முதல் யானையை யானையாகவே செதுக்கி வெளியிட்டார்கள். டை வெட்டியவர் கை சற்றே பிசகியதில் ஒரு சர்க்காரே திரும்பி யோசிக்க வேண்டியதாயிற்று.

வடிவமும் உலோகமும்

ஓட்டைக் காலணா என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1943 முதல் 1947 வரை அடித்தது. நடுவில் ஓட்டை அழகுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க! வெள்ளி ரூபாயும் அப்படித்தான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளியாக இருந்தது, 1940 முதல் பாதி வெள்ளி ஆயிற்று. 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. ஒரு நாட்டின் கஜானா நிலைமையை அதன் காசின் உலோகமே சொல்லிவிடுகிறது பாருங்கள்.

1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. 1964-ல் 'நயா' என்ற அடைமொழி உதிர்ந்தது. 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாதவை ஆயின. நம் முதலாண்டு மாணவர்களுக்கு 25 பைசாவைக் கொடுத்து மிட்டாய் வாங்கிய ஞாபகம் இருக்க வழியில்லை! இப்படிச் செத்துப்போன காசுகளை வரிசையாகச் சேர்த்து வைப்பவர்கள், ஒரு விதத்தில் விலைவாசியின் ஜாதகத்தைச் சேர்த்து வைக்கிறார்கள்.

ஊர் மண்ணின் மேல் பற்று

தாத்தாவின் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகை. நம் நீலகிரி 1799-ல் கம்பெனி கைக்குப் போகும் முன் மைசூர் ஆட்சியில் இருந்தது. அதனால் யானை படம் போட்ட திப்புவின் செப்புக் காசு அவர் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மலை இறங்கினால் கோயம்புத்தூர். அதை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற சக்கரவர்த்திகளின் காசுகள். ரோமாபுரி எங்கே, வெள்ளலூர் எங்கே? பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த வியாபாரம்தான் காரணம். கொங்கு நாட்டு நீலப் பச்சைக் கல்லும் மேற்குக் கரை மிளகும் போயின. வெள்ளிக் காசு வந்தது.

தமிழ் எழுத்துள்ள காசுகளை மட்டும் தேடுபவர்களும் உண்டு. 'பெருவழுதி' என்று பாண்டிய மன்னன் பெயர் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த காசை வெளிக்கொண்டு வந்தவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர்ப் பக்கம் 'மாக்கோதை' என்ற சேரன் காசு கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் செப்புக் காசில் தமிழிலேயே 'புதுச்சேரி' என்று போட்டார்கள். சென்னையில் கம்பெனியார் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. 'கால் பூ வராகன்' என்று தமிழ் எழுத்து. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த காசில் திருவள்ளுவர் இருக்கிறார். ஆங்கிலேயர் நம் காசை 'கேஷ்' என்றார்கள், பணத்தை 'ஃபனம்' என்றார்கள். அந்தக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1809-ல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்கு வரவேண்டிய பத்துக் காசும் இருபது காசும் இருந்தன. 1980-களில் கடலடியிலிருந்து எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு வராமலே போன சில்லறையை இன்று உலகம் முழுக்க விலை கொடுத்து வாங்குகிறார்கள்!

அனுமார் காசின் குட்டு

இப்போது எங்கள் வீட்டு 1818-க்கு வருவோம். கம்பெனிக் காசில் விஷ்ணு இருந்தது உண்மை என்று மேலே சொன்னேன். அதனால்தான் அனுமார் காசையும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் 1818-ல் சென்னையில் ஓடியது மேலே சொன்ன காசு, பணம், வராகன். வங்காளத்துக்கு வேறு, பம்பாய்க்கு வேறு. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரிக் கம்பெனிக் காசு வந்ததே 1835-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகுதான். அனுமார், ராமர் பட்டாபிஷேகம், லட்சுமி படங்களுடன் 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு வருபவை எல்லாம் பிற்காலத்தில் திருவிழாக் கடைகளுக்கும் பூஜைக்கும் அடித்த வில்லைகள். சாமி படம் என்ற வகையில் பூஜை அறையில் வைக்கலாம். காசு என்ற வகையில் ஒரு டீ கூட வாங்க முடியாது. தாத்தா அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "அரிசியை இழுக்கும், மின்னலைப் பிடிக்கும்னு சொல்லிக்கூட விற்பாங்க தம்பி. காசு இழுக்கிறது ஒண்ணைத்தான், ஏமாந்தவன் பாக்கெட்டை!" என்றார்.

லேபில் ஒரு பரிசோதனை

மிச்சம் 1939 ரூபாய். அதுதான் அருமையான ஆண்டு என்று மேலேயே எழுதினேன். மாமாவுக்கு மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? தாத்தா விளிம்பைத் தடவிப் பார்த்து, "உங்க காலேஜ்ல தராசு இருக்குமே?" என்று மட்டும் கேட்டார்.

லேப் சாரிடம் அனுமதி வாங்கி, 1918, 1939 இரண்டையும் முதலில் காற்றில் நிறுத்தேன். பிறகு நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டு நிறுத்தேன. முதலாண்டு பிசிக்ஸில் படித்த அதே ஆர்க்கிமிடீஸ் தத்துவம். கணக்கைப் பாருங்கள்:

1918 ரூபாய்: காற்றில் 11.58 கிராம், தண்ணீரில் 10.46 கிராம். குறைவு 1.12. வகுத்தால் ஒப்படர்த்தி 10.34.

1939 ரூபாய்: காற்றில் 9.86 கிராம், தண்ணீரில் 8.71 கிராம். குறைவு 1.15. வகுத்தால் 8.57.

அசல் வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம், மிச்சம் செம்பு. அந்தக் கலவைக்கு ஒப்படர்த்தி 10.3-க்குச் சற்று மேலே வரவேண்டும். 1918 அப்படியே வந்தது. எடையில் குறைந்த 0.08 கிராம், பல கைகள் தேய்த்த தேய்மானம். 1939-க்கு வந்த 8.57 எதிலும் பொருந்தவில்லை. 1940-க்குப் பிறகு வந்த பாதி வெள்ளி என்றாலும் 9.5 அளவுக்கு வந்திருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் விளிம்பு வரிகளின் நடுவே மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. ஃபவுண்டரியில் இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் வருமே, அதே கோடு! அச்சுச் சாலையில் அழுத்தி அடித்த காசில் அது வராது. ஆக, யாரோ உருக்கி ஊற்றின போலி.

மாமா முகம் தொங்கிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நண்பர்களே, மூன்று வருடப் படிப்பில் ஒரு கணக்கு என் வீட்டுக்கு உபயோகப்பட்டது அன்றுதான். முன்பே இதைச் செய்திருந்தால் அம்மாவின் 1,500 மிஞ்சியிருக்குமே என்ற உறுத்தலும் இருந்தது.

கடைசியாக, சதக் காசு

1918 ரூபாய் அசல்தான். ஆனால் அந்த ஆண்டில் கோடிக்கணக்கில் அடித்ததால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவே. டப்பாவில் மீதி இருந்தவை சிலோன் காசுகள். பனை போன்ற மரம் போட்ட 1937 ஒரு சதம். ஓரம் பூவிதழ் மாதிரி வளைந்த 1944 இரண்டு சதம், நான் புளி போட்டுக் கெடுத்தது இதைத்தான். மூலை மழுங்கின சதுர ஐந்து சதம் நான்கு. எல்லாவற்றிலும் தமிழ் எழுத்து உண்டு. "சுலபமாக் கிடைக்கிற காசுங்க. விலை பெரிசா இல்லை" என்றார் தாத்தா.

வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் விவரம் சொன்னேன். "அந்த வெள்ளிக் காச வேணும்னா வித்துக்கங்கடா. சதத்தைத் தொடாதீங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்குத்தான் அந்தக் கதை வெளியே வந்தது. 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் அம்மாயி குடும்பமும் ஒன்று. 1974-ல், பதினேழு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறியிருக்கிறார். ஏறும் முன் அவருடைய அய்யா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மிச்சச் சில்லறையை மகள் கையில் வைத்து, "இனி இது செல்லாது ஆயி, வச்சுக்க" என்றாராம். இந்தக் கரையில் இறங்கி, திரும்பி வந்தவர்களுக்காக அரசாங்கம் 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், இப்போது டான்டீ என்கிறோமே, அதில் கொழுந்து பறிக்கப் போனவர்தான். அய்யா அந்தக் குளிரில் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. அவருடைய போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருப்பது அந்தச் சில்லறை மட்டும்.

எனக்குப் பேச்சு வரவில்லை. புளி போட்டுத் தேய்த்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. காசு சேர்க்கிறவர்கள் ஏன் சேர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன். பதில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. ஆண்டும் முத்திரையும் பிழையும் உலோகமும் காசை அடையாளம் காணும் வழிகள். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைக் காசு தானாகச் சொல்லாது. கூட இருக்கிற மனிதர்கள் சொல்ல வேண்டும். சொன்னதை யாராவது எழுதி வைக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சதத்தையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, அம்மாயி சொன்னதை மேலே எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக் காசையும் அம்மா விற்க விடவில்லை. தங்கைக்கு வேறு இடத்தில் கடன் வாங்கித்தான் கட்டினோம். மாதா மாதம் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது நான்கே விஷயம். காசைக் கழுவாதீர்கள், விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். நம் மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம், மலிவான பி.வி.சி. உறையில் நாளடைவில் பச்சைப் பிசின் பிடிக்கும், ஆகவே காகித உறையும் கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். பூமியைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால் 1878-ஆம் வருடச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைக்காதீர்கள். காசை வாங்க வருகிறவன் உங்களுக்குப் பணம் தரவேண்டுமே தவிர, உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால் கொண்டு வாருங்கள். லேப் சார் தராசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அந்தக் காசு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். அதை நிறுத்துப் பார்க்க நம் லேபில் தராசு கிடையாது!